தாத்தாவின் ஜாவி ஏடுகளை லேமினேஷன் செய்யலாமா?

கேள்வி: நாங்கள் கொழும்பில் வசிக்கும் மலாய்க் குடும்பம். தாத்தா விட்டுப்போன கையெழுத்துப் புத்தகங்கள் சில இருக்கின்றன. ஜாவி எழுத்து (அரபு எழுத்தில் மலாய் எழுதும் முறை), வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. எழுத்து இருக்கும் இடங்களில் தாள் பழுத்து உடைகிறது. லேமினேஷன் செய்து ஸ்கேன் எடுத்து வைத்தால் போதும் என்கிறார் தெரிந்த கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். செலோடேப், பசை எதுவும் வேண்டாம். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் லேமினேஷனைப் பிறகு பிரிக்க முடியாது.

எழுத்து உள்ள இடம் மட்டும் உடைகிறது என்றால் பெரும்பாலும் மைதான் காரணம். மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்த்துச் செய்த மை முன்பு பரவலாகப் புழங்கியது. அதிலுள்ள அமிலமும் இரும்பும் தாளை மெல்ல அரிக்கும். முதலில் பக்கத்தின் பின்புறம் பழுப்பாகத் தெரியும், அப்புறம் கோடு விரிசல் விடும், கடைசியில் எழுத்தே உதிரும். காற்றில் ஈரம் ஏறினால் அரிப்பு வேகமாகும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி கூடாது. ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்; அதை அளக்கும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கும். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வாக்கில் வையுங்கள். அந்துருண்டை வேண்டாம்.

இனிப் படம் எடுப்பது. புத்தகத்தைக் கவிழ்த்து அமுக்கும் ஸ்கேனர் இதற்கு ஆகாது, முதுகு பிளந்துவிடும். அட்டையின் இரு பக்கமும் துவாலையைச் சுருட்டி அண்டை கொடுத்து, 90 பாகை அளவுக்கு மட்டும் திறவுங்கள். கேமராவைத் தாங்கியில் பொருத்தி, படம் எடுக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக விளக்கு விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். நல்ல போன் கேமராவே முதல் பதிவுக்குப் போதும். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். கையுறை தேவையில்லை. கழுவித் துடைத்த கைக்குத்தான் தாளின் பலவீனம் தெரியும்.

பலரும் சறுக்குவது பக்க வரிசையில்தான். ஜாவி வலமிருந்து இடம் போவது. நம் பழக்கத்துக்குப் பின்னட்டையாகத் தோன்றுவதுதான் முன்னட்டை. பக்கங்கள் கழன்றிருந்தால் அவற்றின் அடியோரத்தைப் பாருங்கள். மலாய் ஏடுகள் பலவற்றில் ஒற்றைச் சொல் ஒன்று தனியாக நிற்கும். அடுத்த பக்கம் அதே சொல்லில்தான் தொடங்கும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வடிவத்தை ஒப்பிட்டே வரிசை பிடிக்கலாம். குழப்பமாக இருந்தால் கிடைத்த வரிசையிலேயே படம் எடுங்கள். கணினியில் மாற்றிக்கொள்ளலாம், தாளை மாற்றி அடுக்காதீர்கள்.

வெற்றுப் பக்கம் என்று எதையும் விடாதீர்கள். என்னைக் கேட்டால், கதைப் பகுதியைவிட அங்கே எழுதியிருக்கும் சின்னக் குறிப்புகள்தான் முக்கியம். அந்தக் கதைக்கு வேறு பிரதி எங்காவது இருக்கலாம். பிறப்பு, இறப்பு, உடைமையாளர் பெயர் எழுதிய குறிப்புக்கு இருக்காது. இலங்கை மலாயர் ஏடுகளில் அறபுத்தமிழும் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) வருவதுண்டு, அதை வாசிப்பவர் உங்கள் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கலாம். தாளுக்குப் பின்னால் மெல்லிய விளக்கைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். மூன்று பிறை நீர்க்குறி (தாள் செய்யும்போதே பதியும் அடையாளம்) தெரிந்தால் அநேகமாக இத்தாலியத் தாள்; மத்திய கிழக்கிலும் மலாய் உலகிலும் ஓடிய சரக்கு அது.

படங்களைச் சுருக்காத கோப்புகளாக மூன்று பிரதி வைத்து, ஒன்றை வேறு ஊரில் கொடுத்து வையுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் டிஜிட்டல் ஏடுகளே மாதக்கணக்கில் பார்க்கக் கிடைக்கவில்லை. அதற்காக மூலம் இருக்கிறதே என்று படத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. ஈராக்கின் மார் பெஹ்னாம் மடத்து சிரியாக் (அங்குள்ள கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி) ஏடுகளை 2014இல் ஐஎஸ் படை வந்தபோது பீப்பாய்களில் அடைத்துச் சுவருக்குப் பின்னால் மறைத்தார்கள், 2016இல் மீட்டார்கள். இந்தோனேசியாவின் பண்டா அச்சே நகரில் 2004 சுனாமி ஓர் ஆவண மையத்தையே ஏடுகளோடு கொண்டுபோனது.

உங்களுக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். 1970களில் வரலாற்றாய்வாளர் பி. ஏ. ஹுசைன்மியா இலங்கை மலாய் ஏடுகளைத் தேடிப் பதிவு செய்தார். பிறகு ஆய்வாளர் ரொனிட் ரிச்சி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு குடும்பங்களிடம் இருந்தவற்றை டிஜிட்டல் செய்தார். அத்திட்டத்தில் மூலம் நாட்டைவிட்டு வெளியே போகாது. யாரிடம் கொடுத்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்: மூலம் யாருடையது, படத்தின் பிரதி உங்களுக்கு எப்போது கிடைக்கும், குடும்பக் குறிப்புகளில் எந்தப் பக்கங்களை இணையத்தில் போடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.