கல்லூரியில் சேர்ந்தவர்கள் ஏன் பட்டம் வாங்காமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

பணம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ரிசல்ட் பார்ப்பது, அரியருக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் என் கண் முன்னால்தான். சுயநிதிப் பிரிவை விட்டுவிடுங்கள், அங்கே பீஸ் பாரம்தான். அரசுக் கல்லூரியில் பி.ஏ. படிக்க அவ்வளவு ஆகாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாயும் வருகிறது. அப்படியும் நிற்கிறார்கள்.

முதல் செமஸ்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பிளஸ் டூ வரை தமிழில் கணக்குப் போட்ட பையன், பி.எஸ்சி.யில் இங்கிலீஷ் மீடியத்தில் போய் உட்காருகிறான். ரெண்டு பேப்பர் போய்விடும். ரிசல்ட்டைப் பார்த்ததும், "அண்ணாச்சி, பிரிண்ட் வேண்டாம்" என்பான். வீட்டில் மூச்சு விடமாட்டான். அரியர் பீஸுக்கு அப்பாவிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போவான். அன்றைக்கே கையில் காசு. ஆனால் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமா வருகிறது? வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஹால் டிக்கெட்டுக்கு இழுபறி, அபராதம். அந்த நேரம் பார்த்துச் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமா ஆள் கேட்பார். 'படிப்பை விடுகிறேன்' என்று எவனும் எழுதிக் கொடுத்து நிற்பதில்லை. பொங்கல் லீவு முடிந்து போகவில்லை, அவ்வளவுதான்.

பெண்கள் பாடு வேறு. அரியரே இல்லாத பிள்ளைக்கும் ரெண்டாம் வருடம் மாப்பிள்ளை வந்துவிடும். "கல்யாணத்துக்குப் பொறவு படிச்சிக்கிடலாம்லா" என்பார்கள். அப்படிப் படித்தவர்கள் நான் பார்த்தவரை குறைவு. பீடி சுற்றியே மகளைக் காலேஜுக்கு அனுப்பும் அம்மாக்கள் எங்கள் பக்கம் ஏராளம். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பீடித் தட்டு மகள் மடிக்கு வந்துவிடும்.

நிற்கிற நிலைமையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு டி.சி. வாங்காதீர்கள். அரியர் மட்டும்தான் பாக்கி என்றால் வேலை பார்த்துக்கொண்டே வந்து எழுதலாம். எத்தனை வருடத்துக்குள் என்பதைக் காலேஜ் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டே ஆகவேண்டும் என்றாலும், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018லேயே சொல்லியிருக்கிறது. தைரியமாகக் கேளுங்கள்.