ஊஞ்சல் வாங்குவதற்கு முன்னால்: பூங்கா பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் வார்டு குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். தெருப் பூங்காவுக்கு என்ன வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லச் சொன்னார் கவுன்சிலர். சறுக்குமரம், திறந்தவெளி ஜிம், நீரூற்று என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். சரிதானே?
— வாசகி, ஆவடி

பட்டியலைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வேலை நாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தேர்ந்தெடுங்கள். காலை 6, 9, பகல் 12, மாலை 4, 6, இரவு 7:30 என்று நாளுக்கு ஆறு முறை பூங்காவை ஒரு சுற்று வாருங்கள். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களை ஆண், பெண், சிறுவர், சிறுமியர், முதியவர் என்று பிரித்து எண்ணி, எந்த மூலையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் 12 வரிசை கிடைக்கும். மாலை 6 மணிக்குப் பிறகு பெண்கள் கட்டத்தில் எண்ணிக்கை சட்டென்று குறைந்தால் உங்கள் பூங்காவுக்கு முதல் தேவை விளக்கு.

அடுத்தது, பூங்காவுக்கு வராதவர்களிடம் கேட்பது. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ரேஷன் கடை வரிசையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு நாற்பது பேரிடம் "ஏன் வருவதில்லை?" என்று மட்டும் கேளுங்கள். பூட்டியே கிடக்கிறது, கழிப்பறை இல்லை, குடிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நாய்த் தொல்லை என்று பதில்கள் வரும். இவற்றில் எதையும் சறுக்குமரம் தீர்க்காது.

பிறகு வேலைகளின் வரிசை. மழைநீர் வடிகால், தண்ணீர்க் குழாய், மின்கேபிள் முதலில், அதன் பின் விளக்கு, கழிப்பறை, அதற்கும் பின் நிழல், இருக்கை, நடைபாதை, கருவிகள் கடைசியில். மாற்றிச் செய்தால், போன வருடம் போட்ட நடைபாதையை இந்த வருடம் கேபிளுக்காக வெட்டுவார்கள். வெட்டிய இடம் பழையபடி இறுகுவதில்லை. முதல் மழையிலேயே உள்வாங்கும்.

மரம் அடர்ந்த பூங்காவில் உயரக் கம்பம் நட்டால் வெளிச்சம் இலைகளுக்கு மேலேயே நின்றுவிடும். கிளைகளுக்குக் கீழே நிற்கும்படி 3 முதல் 4 மீட்டர்க் கம்பம் கேளுங்கள். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த்திங்கும் இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். ஈரத்தரையில் குழந்தைகள் கம்பத்தைப் பிடித்துச் சுற்றும் இடம் அது. இதில் சமரசம் கூடாது.

நீரூற்று வேண்டவே வேண்டாம். பம்பு பழுதானால் தொட்டியில் நீர் தேங்கும். நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்குக் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும்.

சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும்? கீழே சிமென்ட் தளம் போட்டால் சுத்தமாக இருக்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.
— வாசகர், கோவை

சிமென்ட் தளம் கூடாது. பேவர் கல்லும் கூடாது. புல்லும் மிதிபட்டு இறுகிய மண்ணும்கூடப் போதாது. விளையாட்டுத் திடலில் பலத்த காயங்கள் பெரும்பாலும் கீழே விழுவதால் வருகின்றன. காயத்தின் அளவைத் தீர்மானிப்பது விழுந்த உயரமும் தரையும்தான்.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு தரும் அளவுகளை எங்கும் பின்பற்றலாம். கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி, அதாவது 1.8 மீட்டர் வெற்றிடம் வேண்டும். மணல் எந்நாளும் 9 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மிதிபட்டுச் சிதறும் என்பதால் போடும்போதே 12 அங்குலம் போட வேண்டும். 9 அங்குல மணல் தாங்குவது 4 அடி உயரத்திலிருந்து விழுவதை மட்டுமே. ஆகவே மணல் குழிக்குள் நிற்கும் சறுக்குமரத்தின் மேடை 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சறுக்குமரம் தரையில் 3 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் பிடிக்கிறது என்றால், சுற்றிலும் 1.8 மீட்டர் சேர்த்துக் குழி 6.6 × 4.2 மீட்டர். 30 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 8.3 கன மீட்டர் மணல், அதாவது 293 கன அடி. லாரிக் கணக்கில் 3 யூனிட். ஒரு யூனிட் கொட்டிப் பரப்பிவிட்டு "மணல் போட்டாச்சு" என்றால் 4 அங்குலம்தான் இருக்கும். ஒரு கம்பியில் 9 அங்குலத்தில் கோடு போட்டுக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எம்-சாண்ட் வேண்டாம். அதிலுள்ள நுண்தூள் மழையில் நனைந்து காய்ந்ததும் தரைபோல இறுகும். கழுவிய, உருண்டை மணியுள்ள மணல்தான் வேண்டும். குழியின் அடியில் 10 செ.மீ. ஜல்லியும் அதன் மேல் நீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் விரித்தால் நீர் தேங்காது.

ஊஞ்சலுக்கு இடம் இன்னும் அதிகம். சங்கிலி தொங்கும் குறுக்குக் கம்பி எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு முன்னாலும், அதே அளவு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். 2 மீட்டர் உயரமென்றால் முன்னால் 4, பின்னால் 4, மொத்தம் 8 மீட்டர். ஊஞ்சலில் விழும் உயரத்தைக் குறுக்குக் கம்பியிலிருந்தே கணக்கிடுவதால் அங்கே மணல் போதாது. 9 அங்குல மரச்சீவல் 10 அடி வரை தாங்கும். ரப்பர் டைலும் போடலாம், ஆனால் உச்சி வெயிலில் வெறுங்காலை அது சுடும். நிழல் இல்லாத இடத்தில் வேண்டாம். ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் கட்டாதீர்கள். மூன்றாவது கட்டினால் நடு ஊஞ்சலுக்குப் போகும் குழந்தை மற்ற இரண்டுக்கும் நடுவே நடந்து அடிபடும்.

இன்னும் சில. கம்பி இடைவெளி எதுவும் 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது. நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் துப்பட்டா மாட்டும். மூடியுள்ள நட் கேளுங்கள். சங்கிலியின் எஸ் கொக்கியின் வாயில் ஒரு நாணயம் நுழைந்தால் அது இன்னும் மூடவில்லை என்று பொருள். தகரச் சறுக்கு என்றால் மர நிழலிலோ, இல்லையெனில் வடக்குப் பார்த்தோ வையுங்கள்.

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பத்து வருடமாகப் புதர்க்காடு. இப்போது யாரோ கம்பி வேலி போடுகிறார்கள். எங்கே தொடங்குவது?
— வாசகர், தாம்பரம்

ஆவணங்களிலிருந்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி உண்டு. இப்படி ஒதுக்கும் இடத்தைத்தான் எல்லாரும் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்கிறோம்.

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணுள்ள வரைபடத்தின் நகல், சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா நான்கையும் வாங்கி அருகருகே வையுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு இது: தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறியிருக்காது. அந்த ஓட்டையில்தான் விற்பனை நடக்கிறது. பட்டா மாற்றம், நில அளவையர் அளந்து கல் நடுதல், சுற்றுவேலி, "மாநகராட்சிக்குச் சொந்தமான இடம்" என்ற பலகை ஆகிய நான்கும் பகுதி சபையின் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் சபை) முதல் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

பூங்காவென்று குறித்த இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். இடம் தாழ்வானதாக இருந்தால் மண் கொட்டி மேடாக்க வேண்டாம். சென்னை மாநகராட்சி அமைத்துவரும் ஸ்பாஞ்ச் பூங்காக்களைப் போல நடுவில் பள்ளம் விட்டு மழைநீரை இறக்கலாம்.

நாங்கள் தீர்மானம் போட்டு அனுப்புகிறோம். ஒன்றும் நடப்பதில்லை. வார்டு குழுவுக்கு உண்மையில் அதிகாரம் உண்டா?
— வாசகி, மதுரை

பூங்காவும் விளையாட்டுத் திடலும் நகராட்சிப் பொறுப்பு என்பது 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் 12ஆம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் பணம் ஒதுக்குவது மாநகராட்சி மன்றம். உங்கள் குழு பரிந்துரைக்கும் இடம்தான். ஆகவே பரிந்துரை எழுதப்படும் விதத்தில்தான் பலம் இருக்கிறது. "பூங்காவை மேம்படுத்த வேண்டும்" என்ற வரிக்குப் பொறியாளரால் மதிப்பீடு போட முடியாது. "வடமேற்கு மூலையில் 6.6 × 4.2 மீட்டர் மணல் குழி, 30 செ.மீ. ஆழம், 1.2 மீட்டர் மேடையுள்ள சறுக்குமரம் ஒன்று, 3.5 மீட்டர் விளக்குக் கம்பம் ஆறு" என்று எழுதினால் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்து மதிப்பீடு போட்டுவிடலாம். கூடவே உங்கள் கணக்கெடுப்பை இணையுங்கள்.

காலமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. டிசம்பருக்குள் மதிப்பீடு தயாராகாத வேலை அந்த வருடம் நுழைவது கடினம். நிதி போதாதென்றால் நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்கள். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. குடியிருப்போர் சங்கமோ உள்ளூர் நிறுவனமோ சேர்ந்து கட்டலாம்.

வேலை முடிந்ததாகச் சொன்னால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் (எம்-புக்) மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எம்-புக்கில் எழுதிய மணல் அளவும் குழியில் இருக்கும் அளவும் ஒன்றா என்று பார்க்க, கோவை வாசகருக்குச் சொன்ன கோடு போட்ட கம்பியே போதும்.

நடைபாதைக் கற்கள் ஒரே வருடத்தில் பெயர்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த வேப்பமரமும் பட்டுப்போகிறது.
— வாசகர், திருநெல்வேலி

இரண்டுக்கும் காரணம் ஒரே வேலையில் இருக்கலாம். மண்ணை ரோலர் போட்டு இறுக்காமல், ஓரக்கல் பதிக்காமல், மணல் மேல் கல்லை அடுக்கியிருப்பார்கள். ஓரம் பிடிப்பில்லாமல் கல் வெளியே நகரும், இடுக்கில் நீர் இறங்கும், அடிமணல் ஓடும். முறை இதுதான்: இறுக்கிய மண், 15 செ.மீ. ஜல்லிக் கலவை, 3 செ.மீ. மணல், 60 மி.மீ. கல், இருபுறமும் ஓரக்கல், மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு.

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு எதையும் பதிக்கக் கூடாது. டெல்லி மரங்களுக்காக 2013இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவும் அதுவே. அந்த வட்டத்துக் கற்களை இன்றே எடுத்துவிடுங்கள். கடப்பாறை வேண்டாம், மேல் மண்ணைக் கையால் கிளறிச் சருகு பரப்புங்கள், அடிமரத்தில் மட்டும் மண் குவிக்காதீர்கள். நடப்பவர்களின் முழங்காலுக்கும் வேருக்கும் இறுக்கிய கிராவல் பாதையே நல்லது. கல்லை நுழைவாயிலோடு நிறுத்துங்கள்.

பைக் நுழையாமல் இருக்க வாசலில் வளைந்த கம்பி வைத்தார்கள். சக்கர நாற்காலியும் நுழைய முடியவில்லை.
— வாசகி, வேலூர்

பக்கத்தில் தனி வாசல் கேளுங்கள். உள்அளவு 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பூங்காக் காவலர் இருக்கும் நேரம் முழுக்க அது திறந்திருக்க வேண்டும், சாவி தேடி அலைய விடக் கூடாது. சாய்தளம் 1:12. 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். பல இடங்களில் 60 செ.மீ.யில் ஒரு சிமென்ட் மேட்டைப் பூசிவிட்டு சாய்தளம் என்று கணக்கு எழுதுகிறார்கள். அதில் நாற்காலி பின்னால் சாயும். டேப்பால் அளந்து, படம் எடுத்து, அடுத்த பகுதி சபையில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

பையன்கள் கிரிக்கெட் ஆடுவதால் பெரியவர்கள் உட்கார முடியவில்லை. விளையாட்டையே தடை செய்யலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். தடை செய்தால் அதே பையன்கள் சாலையில் ஆடுவார்கள். இடம் சிறிதென்றால் நேரத்தைப் பிரியுங்கள்: மாலை 4 முதல் 6 வரை பந்து, 6க்கு மேல் நடப்பவர்கள். பிட்ச்சின் இரு முனைக்கும் பின்னால் வலை கட்டுங்கள். டென்னிஸ் பந்து மட்டும் என்று பலகை வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அதே நேரத்தைச் சிறுமிகளுக்கு ஒதுக்குங்கள். ஒதுக்காத திடலில் அவர்கள் ஓரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. கட்டணம் வைத்துத் தனியாரிடம் விடலாம் என்ற யோசனை வந்தால், 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட முடிவெடுத்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.