கேள்வி–பதில்: ஓசோன் பிளந்தால் அல்டிஹைடா, அமிலமா?

கேள்வி: 1-மெத்தில்சைக்ளோஹெக்சீனை ஓசோனால் பிளந்தால் ஒரு புத்தகத்தில் கீட்டோ அல்டிஹைடு, இன்னொன்றில் கீட்டோ அமிலம் என்று போட்டிருக்கிறது. எது சரி? ஆய்வகத்தில் எதில் கவனம் வேண்டும்?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஈசூன்

பதில்: இரண்டும் சரிதான். ஓசோன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்து முதல்நிலை ஓசோனைடு ஆகிறது. அது உடனே உடைந்து கார்போனைல், கார்போனைல் ஆக்சைடு என்று இரண்டு முனைகளைத் தருகிறது. ருடால்ஃப் கிரீகி காட்டிய வழி இது. இரண்டும் மறுபடி சேர்ந்தால் 1,2,4-ட்ரைஆக்சோலேன், அதாவது இரண்டாம்நிலை ஓசோனைடு. அதன்பின் நீங்கள் எதை ஊற்றுகிறீர்களோ, அதற்கேற்றதுதான் கிடைக்கும். ஒடுக்கியான (ஆக்சிஜனைப் பறிக்கும்) டைமெத்தில் சல்பைடு என்றால் 6-ஆக்சோஹெப்டனேல் என்ற கீட்டோ அல்டிஹைடு. ஆக்சிஜனேற்றியான ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் 6-ஆக்சோஹெப்டனாயிக் அமிலம் என்ற கீட்டோ அமிலம். மெத்தில் இருக்கும் முனையில் ஹைட்ரஜன் இல்லை. அதனால் அது இரண்டிலும் கீட்டோனாகவே நிற்கும்.

அல்டிஹைடுதான் வேண்டுமென்றால்: 0.96 கிராம் (10 மில்லிமோல்) ஆல்கீனை, அதாவது அந்த 1-மெத்தில்சைக்ளோஹெக்சீனை, டைகுளோரோமீத்தேன்–மெத்தனால் கலவையில் கரைத்து, உலர்பனி–அசிட்டோன் தொட்டியில் −78 டிகிரிக்குக் குளிரவிடுங்கள். மெத்தனால் சும்மா இல்லை: கார்போனைல் ஆக்சைடைப் பிடித்து ஹைட்ரோபெராக்சைடாக்கும், அதைச் சல்பைடு ஒடுக்குவது எளிது. அமிலத் தடயம் இருந்தால் அல்டிஹைடு அசிட்டாலாகிவிடும்; கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் போட்டு வையுங்கள்.

ஓசோனைச் செலுத்தும்போது இளநீலம் நிலைத்தால் ஆல்கீன் தீர்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள். நைட்ரஜன் விட்டு நீலத்தைப் போக்கி, 2.2 மில்லிலிட்டர் டைமெத்தில் சல்பைடு சேர்த்து, மெல்ல அறை வெப்பநிலைக்கு வரவிட்டு இரவு முழுக்கக் கலக்குங்கள். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வரும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ட்ரைஃபீனைல்பாஸ்ஃபீனில் நாற்றம் இல்லை, ஆனால் அதன் ஆக்சைடைப் பிரிப்பது பெரும்பாடு.

பெரிய ஆபத்து இதற்குப் பிறகுதான். பெராக்சைடு மிஞ்சியிருக்கும்போது கரைப்பானை ஆவியாக்கினால் வெடிக்கலாம். ஸ்டார்ச்–அயோடைடு தாளில் ஒரு சொட்டு வையுங்கள். தாள் கருநீலமானால் இன்னும் சல்பைடு ஊற்றிக் காத்திருங்கள். நாற்றம் இருக்கிறதே, ஒடுக்கி மிச்சமிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஓசோனைடு மெதுவாகத்தான் ஒடுங்கும்.

நம் ஊர் ஈரக்காற்றை ஓசோன் கருவிக்குள் விட வேண்டாம்: ஓசோன் குறையும், நைட்ரிக் அமிலமும் உண்டாகும். உலர்ந்த ஆக்சிஜன் சிலிண்டரே நல்லது. வெளியேறும் வாயுவைப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் வழியாக விடுங்கள். எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள்தான். ரப்பர் குழாய் கூடாது, டெஃப்லான் போடுங்கள். இயற்கை ரப்பரும் இரட்டைப் பிணைப்புச் சங்கிலிதான். ஓசோன் பட்டால் இழுத்த திசைக்குக் குறுக்கே வரிவரியாக விரிசல் விடும்.