மாமியார் நாமினி என்றால் மனைவிக்கு பி.எஃப். பணம் இல்லையா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் 9 வருடம் வேலை பார்த்த என் கணவர் மாரடைப்பில் இறந்து மூன்று மாதமாகிறது. மகனுக்கு 4 வயது. கல்யாணத்துக்கு முன்பே அவர் அம்மாவை நாமினியாகப் போட்டிருக்கிறார். அதனால் எல்லாப் பணமும் மாமியாருக்குத்தான், அதிலும் வாங்கிய அட்வான்ஸ் 60,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வோம் என்கிறது கம்பெனி. எனக்கு ஒன்றும் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும், சகோதரி. கம்பெனி ஒரே பணமாகப் பேசுகிறது. வரவேண்டியது மூன்று: சேர்ந்திருக்கும் பி.எஃப். தொகை, மாதப் பென்ஷன், இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு (பணியில் இருக்கும்போதே தொழிலாளி இறந்தால் கிடைப்பது).

பென்ஷனில் மாமியாருக்கு இடமே இல்லை. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் மனைவியும் பிள்ளைகளும்தான். நாமினி யார் என்ற கேள்வியே எழாது. உங்களுக்குக் குறைந்தது மாதம் 1,000 ரூபாய். மறுமணம் செய்தால் நின்றுவிடும். மகனுக்குத் தனியாக, உங்கள் பென்ஷனில் 25 சதவீத அளவு, குறைந்தது 250 ரூபாய், 25 வயது வரை. சின்னத் தொகைதான், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

பி.எஃப். தொகையில்தான் சிக்கல். உங்கள் கணவர் கொடுத்த நாமினி நியமனப் படிவத்தின் (படிவம் 2) நகலைக் கேட்டு வாங்குங்கள். 'எனக்குக் குடும்பம் இல்லை, பின்னால் ஏற்பட்டால் இந்த நியமனம் ரத்து' என்று ஒரு வரி இருக்கும். அதன்படி கொடுத்திருந்தால், உங்களைக் கைப்பிடித்த அன்றே அந்த நாமினேஷன் செத்துப்போனது. செல்லும் நியமனம் இல்லாதபோது தொகை குடும்பத்தினருக்குச் சமமாகப் பிரியும். மாமியார் மகன் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்தவர் என்றால் அவரும் குடும்பம்தான். அப்போது உங்களுக்கும் மகனுக்கும் அவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம். அந்தப் படிவத்திலேயே 'தாய் என்னைச் சார்ந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தால் அவர் பக்கம் வாதம் கொஞ்சம் வலுக்கும். ஆகவே, வயதான அம்மாவோடு மல்லுக்கு நிற்பதைவிட மூன்று பங்குக்கு ஒத்துப்போவதே நல்லது என்பேன். 'ஆட்சேபனை இல்லை' என்று எந்தத் தாளிலும் இப்போதைக்குக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இ.டி.எல்.ஐ. பலருக்குத் தெரிவதே இல்லை. தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல் 35 மடங்கு. சம்பளம் 15,000 வரைதான் கணக்கில் வரும். அதோடு பி.எஃப். சராசரி இருப்பில் பாதி, 1.75 லட்சத்துக்கு மிகாமல். சம்பளம் 14,000, இருப்பு 2 லட்சம் என்றால் 4.90 லட்சமும் 1 லட்சமும் சேர்ந்து 5.90 லட்சம். உச்சவரம்பு 7 லட்சம். பி.எஃப். எப்படிப் பிரிகிறதோ அப்படியே இதுவும் பிரியும்.

அட்வான்ஸைப் பி.எஃப். பணத்தில் பிடிக்கக் கம்பெனிக்கு அதிகாரம் இல்லை. இறந்தவரின் கடனுக்காக அந்தத் தொகையை யாரும் தொட முடியாது என்று சட்டமே சொல்கிறது.

பி.எஃப்.-க்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மகனின் பிறப்புச் சான்று, பாஸ்புக் நகல் இணையுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் ஒத்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் மாறியதற்கே மனுக்கள் திரும்பி வருகின்றன. கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்ததை எழுதி, வங்கி மேலாளரிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கி நேரே பி.எஃப். அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். குறையில்லாத மனுவை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டினால் எழுத்தில் புகார் கொடுங்கள்.