வடகடலில் மூன்று நாள் முக்குளிப்பு: வாசகர் கேள்வி–பதில்

மே மாதக் கடைசித் திங்கள் பிரிட்டனில் விடுமுறை. அந்த மூன்று நாளுக்கு ஸ்கூபா கிளப்கள் பல, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் ஆப்ஸ் துறைமுகத்துக்குப் புறப்படும். 1984 முதல் அங்குள்ள கடல் பாதுகாப்புப் பகுதி. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்தப் பயணத்தைப் பற்றியவையே.

கே: அந்தமான் ஹேவ்லாக்கில் பயின்று, 18 மீட்டர் வரை இறங்கும் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இப்போது லண்டனில் ஒரு கிளப்பில் சேர்ந்துள்ளேன். 7 மில்லிமீட்டர் வெட் சூட் (நீர் உள்ளே புகும் நியோப்ரீன் ரப்பர் உடை) போதுமா, டிரை சூட் (நீர் புகாத, உள்ளே காற்று இருக்கும் உடை) வேண்டுமா? – வாசகர், லண்டன்

மே கடைசியில் அங்கே கடல் நீர் 8 முதல் 10 டிகிரி வரைதான் இருக்கும். முதல் முக்குளிப்பை 7 மில்லிமீட்டர் சூட், தலையுறை, கையுறையோடு அரைமணி நேரம் ஓட்டிவிடலாம். சிக்கல் இரண்டாவதில். நனைந்த சூட்டோடு படகில் காற்றில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் உடம்பின் சூடு போய்விடும். ஆழத்தில் நியோப்ரீன் நசுங்கி மெலிவதால், 18 மீட்டரில் உங்கள் 7 மில்லிமீட்டர் 7 மில்லிமீட்டராக இருக்காது. மூன்று நாளும் இறங்க வேண்டுமானால் டிரை சூட்தான்.

ஆனால் அதை முதன்முதலாகப் போடும் இடம் செயின்ட் ஆப்ஸ் ஆகக் கூடாது. முதலில் நீச்சல் குளம், பிறகு நீர் நிறைந்த கல்குவாரியில் சில முறை ஆழமில்லாத பயிற்சி. உங்களுக்கு அங்கே வர வேண்டியவை மூன்று. ஒன்று, இறங்கும்போது சூட் உடம்பை இறுக்கத் தொடங்கியதும் மார்பிலுள்ள பொத்தானைச் சிறு சிறு அழுத்தமாக அழுத்திச் சூட்டுக்குள் காற்று விடுவது. இரண்டு, இடது மேல்கையில் உள்ள வெளியேற்று வால்வை முழுக்கத் திறந்து வைத்து, மேலே வரும்போது முழங்கையை உயர்த்திக் காற்றை வெளியேற்றுவது. மூன்று, காற்று காலுக்குப் போய்த் தலைகீழானால் முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு நிமிர்வது. கால் மேலாக மிதக்கத் தொடங்கினால் காற்று மேலும் விரியும், வேகம் கூடும். அந்தச் சுழலை முதல் மூன்று நொடியில் உடைக்க வேண்டும்.

தண்ணீர் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் சூட் அல்ல. கழுத்து சீலின் (நீர் புகாமல் இறுக்கும் பட்டை) கீழ் சிக்கிய ஒரு முடி, அல்லது கையை இறுக மூடும்போது மணிக்கட்டில் தசைநாண்களுக்கு இடையே விழும் குழிகள். லேடெக்ஸ் சீலுக்கு வாசனையில்லாத டால்கம் பவுடர் போதும். புது கழுத்து சீல் இறுக்கமாக இருந்தால் மயக்கம் வரும்; மூன்று மில்லிமீட்டர் வளையமாக மெல்ல வெட்டித் தளர்த்துங்கள். ஒரேயடியாக வெட்டியவர்கள் புது சீல் வாங்கினார்கள். பித்தளை ஜிப்புக்குத் தேன்மெழுகு. ஜிப்பை மூடியதும் மற்றவர் கண்ணால் கடைசிப் பல் வரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் திறந்திருந்தால் அன்றைய நாள் முடிந்தது.

கே: குவாரியில் மூழ்குவதற்கு 8 கிலோ ஈய எடை சரியாக இருந்தது. கடலுக்கு எவ்வளவு கூட்டுவது? – வாசகி, லெஸ்டர்

கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தியானது. நீங்களும் சாதனமும் சேர்ந்து 110 கிலோ என்றால் கூட்ட வேண்டியது ஏறக்குறைய 2.75 கிலோ. ஆக 10.5 முதல் 11 கிலோவில் தொடங்குங்கள். உள்ளே போடும் கம்பளி உடையை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும்.

சரிபார்க்கும் முறை இது: முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் 50 பார் (அழுத்த அலகு) இருக்கையில், 5 மீட்டர் முதல் 3 மீட்டர் வரையிலான ஆழத்தில் ஜாக்கெட்டை (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலாடை) காலி செய்து, சூட்டில் வசதிக்கு வேண்டிய காற்று மட்டும் வைத்து அசையாமல் நிற்க முடிய வேண்டும். தொடக்கத்தில் பார்த்தால் தவறாகவே தெரியும்: 12 லிட்டர் சிலிண்டர் 220 பாரிலிருந்து 50க்கு இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றின் எடை மட்டும் கிட்டத்தட்ட 2.4 கிலோ குறைகிறது. ஆகவே எல்லாரும் தண்ணீரில் இறங்கியதும் எளிதாக மூழ்கி, கடைசியில் மேலே பறக்கிறார்கள்.

பதினொரு கிலோவையும் ஒரே பெல்ட்டில் கட்டாதீர்கள். கீழே அது அவிழ்ந்தால் கட்டுப்பாடில்லாமல் மேலே போவீர்கள். ஆறு பெல்ட்டில், மீதி ஜாக்கெட்டின் பைகளில்.

கே: குளிர் நீரில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) தானாகக் காற்றைக் கொட்டத் தொடங்கும் என்கிறார்களே, ஏன்? என்ன செய்வது? – வாசகர், பர்மிங்காம்

சிலிண்டரின் 200 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம், ரெகுலேட்டரின் முதல் கட்டத்தில் (சிலிண்டரோடு இணையும் பகுதி) சுமார் 10 பாராகக் குறைகிறது. விரியும் காற்று பெரிதாகக் குளிர்கிறது. அதைச் சுற்றியுள்ள உலோகம் நீரின் வெப்பநிலையைவிட மிகக் கீழே போகிறது. ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு நீர் இருந்தால் அங்கே பனிக்கட்டி படிந்து வால்வை மூடவிடாது. வாயில் வைக்கும் இரண்டாம் கட்டத்தில் உங்கள் மூச்சின் ஈரமே உறைந்து நெம்புகோலைப் பிடித்துக்கொள்ளும். அதிகக் காற்று, அதிகக் குளிர், அதிகக் கட்டி. ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்பதில்லை.

10 டிகிரிக்குக் கீழான நீருக்கு என்று தரச்சான்று பெற்ற, வெளிநீர் உள்ளே புகாதபடி அடைக்கப்பட்ட டயாஃப்ரம் (சவ்வு) வகை முதல் கட்டம்தான் வாங்க வேண்டும். பயன்பாட்டில்: படகின் குளிர்காற்றில் ரெகுலேட்டரை வாயில் வைத்து ஊதிப் பார்க்காதீர்கள். காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்தாதீர்கள். சூட்டையும் ஜாக்கெட்டையும் ஒரே நேரத்தில் நிரப்பிக்கொண்டே மூச்சு இழுப்பதுதான் மிக மோசமான பழக்கம். மூன்று தேவையும் முதல் கட்டத்தை ஒருசேரக் குளிர்விக்கின்றன.

நடந்துவிட்டால்: உதட்டைத் தளர்த்தி, கொட்டும் காற்றிலிருந்தே உறிஞ்சுங்கள், அல்லது துணையின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கள். மாறிய பிறகு துணை உங்கள் சிலிண்டர் வால்வை மூடட்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் கட்டி கரைந்து திரும்பத் திறக்கலாம், ஆனால் அதை நம்பி அங்கேயே தங்காதீர்கள். நிமிடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் மேலேறுங்கள். 20 மீட்டருக்குக் கீழே போவதென்றால், தனி ரெகுலேட்டரோடு 3 லிட்டர் பக்கச் சிலிண்டர் ஒன்று வைத்துக்கொள்ளுவது, எங்கள் பார்வையில், விருப்பத் தேர்வு அல்ல.

கே: 12 லிட்டர் சிலிண்டர் 20 மீட்டரில் எத்தனை நிமிடம் வரும்? – வாசகர், நியூகாசில்

ஹேவ்லாக் போன்ற வெப்பக் கடலின் கணக்கு இங்கே செல்லாது. குளிரில் மூச்சு வேகமெடுக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வையுங்கள். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், ஆகவே 75 லிட்டர். 220 பார் நிரப்பினால் 50 பார் சேமிப்பு போக 2,040 லிட்டர். மேலேறவும், 6 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவும் 220 லிட்டர். மிச்சம் 1,820, அதாவது 24 நிமிடம். 40 நிமிடம் வேண்டும் என்பவர் பெரிய சிலிண்டர் கொண்டுவரட்டும், அல்லது 8 மீட்டரிலேயே இருக்கட்டும்.

சிலிண்டரின் சோதனைத் தேதியையும் இப்போதே பாருங்கள். பிரிட்டனில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை உட்பார்வை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. காலாவதியானதைக் காற்று நிரப்பும் நிலையத்தில் ஏற்க மாட்டார்கள், விடுமுறை நாளில் அதற்கு மாற்றுவழியும் இருக்காது.

கே: போன வருடம் பயணத்தையே ரத்து செய்தார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? – வாசகி, மான்செஸ்டர்

காற்றின் வேகத்தைவிடத் திசையைப் பாருங்கள். கரை கிழக்கு நோக்கியது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கடலைத் தட்டையாக்கும். கிழக்கு அல்லது வடகிழக்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் அலை எழுந்து, நீர் கலங்கி, காற்று நின்ற பிறகும் மேலும் ஒரு நாள் அப்படியே இருக்கும். வியாழன் மாலை முன்னறிவிப்பிலேயே தெரிந்துவிடும். மாற்று இடம் முன்பே பேசி வையுங்கள்: மேற்கில் ஆரோக்கர் அருகே லாக் லாங் என்ற கடல் ஏரியில் கரையிலிருந்தே இறங்கலாம், கிழக்கு அலை அங்கே எட்டாது.

கே: சூட்டுக்குள் சிறுநீர் வந்தால்? தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூடாது. குளிர் நீரே சிறுநீரைக் கூட்டும். உடம்பு வறண்டால் நைட்ரஜன் நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழாவதால் வருவது) வரும் வாய்ப்பும் கூடும். குடியுங்கள். பிறகு ஆண்களுக்குச் சூட்டில் பொருத்தும் சிறுநீர் வால்வு, பெண்களுக்கும் அதற்கேற்ற வகை உண்டு, அல்லது முதியோர் டயப்பர். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, கிளப்பில் பாதிப் பேர் இப்படித்தான்.

கே: திங்கள் இரவு 9 மணிக்கு எடின்பரோவிலிருந்து விமானம். கடைசி முக்குளிப்பை எப்போது முடிக்க வேண்டும்? – வாசகர், லண்டன்

விமானத்தில் நைட்ரஜன் நோய் வராமலிருக்க, பல நாள் தொடர்ந்து இறங்கியவருக்கு 24 மணி நேர இடைவெளியை வையுங்கள். ஞாயிறு இரவு 9 மணிக்குள் கடைசியாக மேலே வந்திருக்க வேண்டும், ஆகவே திங்கள் காலை உங்களுக்குத் தண்ணீர் இல்லை. படகில் போங்கள், இறங்குபவர்களின் நேரத்தையும் காற்றையும் பலகையில் குறித்து வைக்க, டைவ் மார்ஷலுக்கு (அன்றைய முக்குளிப்பை மேற்பார்வையிடுபவர்) எப்போதும் ஒரு கை தேவை.