தள்ளுபடிக்குப் பிறகும் 30 நாள்

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு மென்பொருள் நிறுவனம் 54 வயதில் என்னை வேலையைவிட்டு நீக்கியது. "இள ரத்தம் வேண்டும்" என்று மேலாளர் சொன்னது இன்னும் வலிக்கிறது. வக்கீல் வைக்காமல் நானே மத்திய நீதிமன்றத்தில் வயதுப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தேன். தள்ளுபடி செய்துவிட்டார்கள். 30 நாள்களுக்குள் மனுவைத் திருத்தித் தரலாமாம். தோற்ற வழக்கைத் திருத்தி என்ன பயன்? புதிதாக ஒன்று போடலாமா?
- பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: நீங்கள் தோற்கவில்லை ஐயா. சாட்சி விசாரணையே தொடங்கவில்லையே! மனுவில் உள்ள சம்பவங்கள் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நடத்த அவை போதவில்லை. நீதிபதி சொன்னது அவ்வளவுதான். வெறும் குற்றச்சாட்டு போதாது, அதை நம்பும்படியாக்கும் சம்பவங்களும் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் ட்வாம்ப்ளி வழக்கிலும் 2009இல் இக்பால் வழக்கிலும் கறாராகச் சொல்லிவிட்டது.

நீங்கள் அனுப்பிய மனு நகலைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'அநியாயம்' இருக்கிறது. 'இள ரத்தம்' எங்கே? எனக்கு எழுதியதை நீதிபதிக்கு எழுதவில்லை! யார், எந்த மாதம், எந்தக் கூட்டத்தில் அப்படிச் சொன்னார்? உங்கள் இடத்துக்கு வந்தவருக்கு என்ன வயது? அதற்கு முந்தைய ஆண்டு உங்கள் பணி மதிப்பீடு எப்படி இருந்தது? இவைதான் மனு. வயது மட்டும் குறுக்கே வராவிட்டால் வேலை போயிருக்காது என்று அவை காட்ட வேண்டும்.

புது வழக்கு வேண்டவே வேண்டாம். வேலைப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம், இனி வழக்குப் போடலாம் என்று அனுப்பும் கடிதம் கையில் கிடைத்த 90 நாள்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பழைய வழக்கு நிலுவையில் இருந்த நாள்களைப் பொதுவாகக் கழித்துத் தர மாட்டார்கள். அதே சம்பவங்களைப் பற்றிய திருத்த மனுவையோ பழைய மனு போட்ட தேதியிலேயே போட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

திருத்த மனு வந்ததும் முதல் மனு செல்லாது. ஆகவே "முன்பு சொன்னபடி" என்று எழுதாமல் முழுவதையும் புதிதாக எழுதுங்கள். ஆணையத்திடம் புகார் செய்யாத இனப் பாகுபாட்டை இப்போது சேர்த்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

நாள் போதாவிட்டால் கெடு முடியும் முன்பே அவகாசம் கேட்டு மனுப் போடுங்கள். கெடு தாண்டினால் வழக்கை ஒரேயடியாக முடித்துவிடக்கூடும். ஒரு மணி நேரக் கட்டணம் போனாலும் பரவாயில்லை, தாக்கல் செய்யும் முன் வேலைவாய்ப்பு வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.