அக்காவிடம் கேளுங்கள்: அந்த 620 வெள்ளி யாருக்கு?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். மசேநி (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி) போக இருவருக்கும் சேர்த்து 7,400 வெள்ளி கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் மசேநியிலேயே கழிகிறது. ஆனாலும் 20ஆம் தேதி தாண்டினால் கையைக் கடிக்கிறது. கைப்பேசியில் சொல்லிச் சாப்பாடு வரவழைத்ததற்கே போன மாதம் 620 வெள்ளி. மகனின் முதல் பிறந்தநாளுக்கு 3,800. மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. கருவிக்கு நம் காசில் 900 வெள்ளி ஆகும் என்கிறார்கள். தைப்பூசத்திலிருந்து ‘அடுத்த மாதம்மா’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணவர் பழியெல்லாம் பொருள் சேவை வரிமேல் போடுகிறார். நான் ஊதாரியா? ஒரு பட்ஜெட் போட்டுத் தாருங்கள்.
— பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: பட்ஜெட் போட்டுத் தர மாட்டேன், தங்கச்சி. 31 வருடம் சம்பளக் கணக்குப் பார்த்தவள் நான். எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது மாதம் ஒருவரிடமும் அந்தத் தாள் இருக்காது.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் வழக்கை முடித்துவிடுவோம். வரி 2023இல் 7இலிருந்து 8 விழுக்காடானது, 2024இல் 9. உங்கள் 620 வெள்ளியில் அந்தக் கூடுதல் 2 விழுக்காட்டின் பங்கு பதினோரு வெள்ளி சொச்சம். மிச்ச 600 வெள்ளிக்கு நிதியமைச்சர் பொறுப்பில்லை.

நீங்கள் ஊதாரியும் இல்லை. நம் சம்பளத்தில் 20 விழுக்காடும், முதலாளி பங்காக 17 விழுக்காடும் மாதம் தவறாமல் மசேநிக்குப் போகின்றன. அதற்காக யாராவது அழுது பார்த்திருக்கிறீர்களா? கைக்கு வருமுன்பே போனால் வலிப்பதில்லை. “அக்கா, இது என்ன 7 வெள்ளி?” என்று சம்பளச் சீட்டோடு வருஷத்துக்கு ஒருவராவது என் மேசைக்கு வருவார். சிண்டாவுக்கு, அதாவது இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் பிடிக்கிறார்கள், நம் பிள்ளைகள் படிப்புக்கு என்பேன். “அட, நானும் தர்மம் பண்ணுறேனா!” என்று சிரித்துக்கொண்டே போவார். உங்கள் வீட்டில் அம்மாவின் 900 மட்டும்தான் வரிசையின் கடைசியில் நின்று மிச்சத்துக்குக் காத்திருக்கிறது.

சரி, என் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காலத்து மளிகைக்கடைகளில் கடன் எழுதும் 555 நோட்டு தெரியுமா? உள்ளங்கை அளவுதான் இருக்கும். இன்னும் அதைத் தேடி வாங்குகிறேன். என்ன, எவ்வளவு என்பதோடு ‘யாருக்கு’ என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். போன வாரப் பக்கம் இது: தேக்காவில் மல்லிகைச் சரம், 3 வெள்ளி, எனக்கு. டாக்சி, 14.60, ‘மழைக்கு’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘சோம்பலுக்கு’ என்று மாற்றியிருக்கிறேன். வண்ணப் பென்சில், 11.90, பேத்திக்கு. இதுவும் பொய்தான். அவளிடம் ஏற்கெனவே மூன்று பெட்டி இருக்கிறது. மருமகள் பார்க்கட்டும் என்று வாங்கியது.

பழைய நோட்டு ஒன்றில் 2,800 வெள்ளி என்று ஒரு வரி இருக்கிறது. கட்டம் காலி. கடைத்தொகுதி ஒன்றில் முக அழகு நிலையம். முதல் தடவை இலவசம் என்று படுக்கவைத்து, முகத்தில் பூசியது காயுமுன் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பத்துத் தடவைக்குக் கட்டி மூன்று தடவை போனேன். அந்தச் சின்னப் பெண்ணிடம் ‘வேண்டாம்மா’ என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். கூச்சத்துக்கு என்று எழுதவும் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது.

பிறந்தநாளை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தபந்தம் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய காசு வீண்போகவில்லை. ஆனால் பில்லை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். பலூன் வளைவுக்கு நேரே வந்ததும் பேனா தயங்கும். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு பலூன் போதும். அதையும் அவன் கடிக்கத்தான் பார்ப்பான்.

சாப்பாடு வரவழைப்பதை அடியோடு நிறுத்தாதீர்கள், அது நடக்காது. வேலைவிட்டு வந்து எட்டு மணிக்கு அரிசி கழுவச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. வாரத்தில் உங்களுக்கு மிகக் கனமான இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் கணவர் கீழே காப்பிக்கடைக்கு இறங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரட்டும். வரியைத் திட்டிக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது.

அம்மாவின் கருவிக்கு நோட்டெல்லாம் வேண்டாம். இந்தச் சம்பளம் வந்த மறுநாளே பணம் போகட்டும். அப்புறம் ஒன்று, பணம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காதைப் பரிசோதித்து, அவருக்கு ஏற்றபடி சத்தத்தைச் சரிசெய்து பொருத்த வேண்டும். புதிதில் விசிறி ஓடுவதுகூட இரைச்சலாகக் கேட்கும். என் பெரியம்மா அதைத் தாங்காமல் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கூடப் போக ஒருவரை ஏற்பாடு பண்ணுங்கள், மறுபடி சரிபார்க்கப் போகவும்தான். அவருக்கு ஆட்டோ காசும் சாப்பாடும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கான பாதி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைக்கும் உள்ள பாதி அப்படியே கிடக்கிறது. எதற்குச் செலவழிப்பது?
— 61 வயது வாசகர், அங் மோ கியோ

பதில்: அண்ணே, டிசம்பர் 31 வரை வைத்திருந்துவிட்டுக் கடைசி நாளில் ஓடாதீர்கள். எந்தக் கடை மூடினால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எனக்கு அது காலையில் தோசை ஊற்றிக் கொடுக்கும் அம்மா. எங்கள் புளோக்கின் கீழே முடிவெட்டுகிறவரும் வாங்கிக்கொள்கிறார். உங்களுக்கு அது பயன்படுமா என்று கடிதத்தில் எழுதவில்லையே.